ஊர் முழுக்க ஒரே சைலன்சர்

புதுசா மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்குச் சட்டம் சொல்லிக் குடுக்க ஆளுங்க இருக்காங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் விதியை ஒப்பிக்கிற மாதிரி தயார் பண்ணித்தான் உங்களை அனுப்பியிருப்பாங்க. அதுல நான் குறுக்க வரல. வண்டிக்காரங்க நம்மள எப்படி ஏமாத்துவாங்க, நாம எப்படிச் சிரிச்ச முகமா ஏமாறுவோம், இதைச் சொல்றதுக்குத்தான் என்னை மாதிரி பென்ஷன்காரனைக் கூப்பிடணும். கூப்பிட்டுட்டீங்க, அனுபவிங்க.

இப்ப உங்ககிட்ட புகையளக்குற மெஷின் இருக்கு. குழாய்க்குள்ள கம்பியை விட்டா சீட்டு அடிச்சுத் தள்ளுது, ரொம்ப சந்தோஷம். கொஞ்ச நாள் முன்னாடி ரோட்டோரமா ஒருத்தனைப் பார்த்தேன். நல்ல வண்டி ஒண்ணை நிறுத்தி வச்சு, அதோட குழாயிலேயே கம்பியை விட்டு, அங்க வராத வண்டிக்கெல்லாம் சீட்டு அடிச்சுட்டு இருந்தான். ஊர் வண்டிக்கெல்லாம் சேர்த்து மூச்சு விட்டே அந்த நல்ல வண்டி களைச்சுப் போயிருக்கும். எனக்குக் கோபம்கூட வரல. இந்த வித்தைக்குத் தாத்தா வித்தையை நான் திருச்சியில கண்ணால பார்த்தவன்.

எழுபதுகள் முடிஞ்சு எண்பதுகள் ஆரம்பிச்ச சமயம் அது. ஜனங்க வாயில எனக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்'னு பேரு. பஸ்ஸும் லாரியும் வருஷத்துக்கு ஒரு தடவை எங்ககிட்ட வந்து, ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு எஃப்.சி. வாங்கிட்டுப் போகணும். காவிரிக்கரைப் பக்கமா ஒரு பொட்டல்ல வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். ஸ்ரீரங்கத்துல வீடு, ஸ்கூட்டர்ல பாலம் தாண்டிப் போய் இறங்குவேன். மெஷினா? என் மெஷின் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. குழாய் வாய்க்குப் பின்னாடி அதை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லுவேன். கைக்குட்டை கறுத்தா வண்டி பெயில். சாயங்காலம் அதைத் துவைக்கிறது என் வீட்டுக்காரி. அவ என்னைத் திட்டுற திட்டை வச்சே அன்னிக்கு எத்தனை வண்டி பெயில்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லிடுவாங்க.

அப்போ தனியார் பஸ் முதலாளிங்களுக்கு ஒரு பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. அதுக்குப் பேரு ஓப்பன் சைலன்சர். பாலக்கரையில ஆரோக்கியசாமின்னு ஒரு வெல்டர் இருந்தாரு. பிள்ளையைப் பாட்டு வாத்தியார்கிட்ட சேர்க்கிற மாதிரி புது பஸ்ஸைக் கொண்டு போய் அவர்கிட்ட விடுவாங்க. அவரு சைலன்சரைப் பிளந்து, சத்தத்தை அடக்குறதுக்காக உள்ள வச்சிருக்கிற தகட்டையெல்லாம் உருவிப் போட்டுட்டு, நேரா ஒரு குழாயைச் சொருகி மூடித் தருவாரு. இதுல இழுவை கூடும், டீசல் மிச்சமாகும்னு முதலாளிங்க சொல்லுவாங்க. கூடினது சத்தம் மட்டும்தான், அதை மட்டும் சொல்ல மாட்டாங்க. மணப்பாறை ரூட்ல ஒரு பஸ் போனா சந்தையில நிக்கிற மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும். அதை அந்த முதலாளி தன் பொண்ணு பரதநாட்டியம் ஆடினதைச் சொல்ற மாதிரி பெருமையா சொல்லிக்குவாரு.

சரி, இந்தக் குழாயோட எஃப்.சி.க்கு வந்தா நான் விடுவேனா? விட மாட்டேன்னு அவங்களுக்கும் தெரியும். அதனால எல்லாரும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. அதை நான் கண்டுபிடிச்சது என் மூளையால இல்ல, உள்ளங்கையால. ஒரு நாள் காலையில ஒரு பஸ், விடியறதுக்கு முன்னாடியே வந்து வரிசையில நிக்குதுன்னு சொன்னாங்க. என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு. குனிஞ்சு சைலன்சர்ல கை வச்சேன், தோல் வழண்டு போச்சு. என்ஜின் தூங்குது, சைலன்சர் மட்டும் ஓடி வந்த மாதிரி கொதிக்குது. கையை உதறிக்கிட்டே பார்த்தா, அதோட வயித்துல முறுக்கு சைசுல ஒரு நசுங்கல். அதே நசுங்கலை அதுக்கு முந்தின பஸ்ல பார்த்திருந்தேன்.

விஷயம் இதுதான். பொட்டலுக்குப் பின்னாடி ஒரு டீக்கடை, அதுக்குப் பின்னாடி ஒரு கீத்துக் கொட்டகை. அங்கதான் அந்த ஒரே ஒரு ஒழுங்கான சைலன்சர் குடியிருந்துச்சு. எந்தக் கம்பெனி சேஸிஸ் சட்டமா இருந்தாலும் பொருந்துற மாதிரி ஆரோக்கியசாமியே கைப்பட செஞ்சது. எஃப்.சி. நாள்ல ஒரு பஸ்ல மாட்டுவாங்க, காட்டுவாங்க, கொட்டகைப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போய் கழட்டுவாங்க, அடுத்த பஸ்ல மாட்டுவாங்க. நான் ஸ்ரீரங்கத்துக்காரன், எனக்கு வாயில வந்த பேரு 'உற்சவர்'. மூலவர் எல்லா பஸ்லயும் புகை கக்கிட்டு இருப்பாரு, வீதி உலா வர்றது இவரு மட்டும்தான். பெருமாள் என்னை மன்னிக்கணும்.

கண்டுபிடிச்ச உடனே கத்தாதீங்க. இதை எழுதி வச்சுக்கோங்க. அன்னிக்கு நான் கத்தியிருந்தா அடுத்த வாரமே நசுங்கல் இல்லாத ரெண்டு உற்சவர் கிளம்பியிருப்பாங்க, எனக்கு அடையாளமும் போயிருக்கும். அதனால கையில வெண்ணெய் தடவிக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன். ஒரு வண்டியைப் பெயிலாக்க வேற ஆயிரம் காரணம் இருக்கு, அதுல ஆக்கிக்கிட்டு இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்டெல்லா டீச்சர் ஆபீஸுக்கு வந்தாங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும். பச்சைமலை மேல ஒரு ஸ்கூல்ல வேலை, வேலை இன்னும் நிரந்தரமாகல. மலையடிவாரத்துல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு தினமும் பஸ்ல ஏறி இறங்குறாங்க. மலைக்கு இருந்தது ஒரே பஸ், திருச்சியிலேருந்து போறது. அந்த பஸ்ஸோட முதலாளி ராமலிங்கம், எஃப்.சி. வரிசையில எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம். கஞ்சி போட்ட வேட்டி, சட்டைப் பையில தங்கப் பேனா. அதால எழுதி நான் பார்த்ததில்ல.

டீச்சர் சொன்னது இதுதான். பின் சீட்டுல உக்கார முடியல, பலகை சந்து வழியா புகை மேல வருது, இறங்கினதும் தலை சுத்தி ரோட்டோரமா உக்காந்துடுறாங்க. நான் சர்க்கார் உத்தியோகஸ்தன் இல்லையா, புகாரை எழுதிக் குடுங்கன்னு பேப்பரை நீட்டினேன். அவங்க அதைத் தொடவே இல்ல.

"எழுத மாட்டேன் சார். எழுதினா நீங்க பஸ்ஸை நிறுத்திடுவீங்க. பஸ் நின்னா என் வேலை போயிடும். நிறுத்தாதீங்க சார், புகையை மட்டும் நிறுத்துங்க."

அப்படியெல்லாம் முடியாதும்மா, சட்டத்துல அப்படி ஒரு பிரிவு இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "போன வருஷம் உண்டாச்சு, தங்கல சார். இப்ப மறுபடியும் மாசமா இருக்கேன்"ன்னாங்க. டாக்டரம்மா விறகடுப்புப் புகை ஆகாதுன்னு சொன்னாங்களாம். விறகடுப்பே எங்க வீட்ல இல்ல சார், பஸ்தான் இருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அந்த டீச்சர் போனப்புறம் எனக்கு எதிர்ல இருந்த வெத்துப் பேப்பரைப் பார்க்கவே வெட்கமா இருந்துச்சு.

அவங்க பயந்ததுல நியாயம் இருந்துச்சு. ராமலிங்கத்துக்கு அந்த மலை ரூட்டே ஒரு தொல்லை. மத்த ரூட்ல அவரு பஸ்ஸுக்குக் கூட்டம் பிதுங்குது, மலையில ஏறுறது கிழங்கு மூட்டையும் நாலு சனமும். எப்படா கை கழுவலாம்னு காத்துக்கிட்டு இருந்தாரு. நான் ரோட்டுல மறிச்சு எஃப்.சி.யை ரத்து பண்ணினா, இன்ஸ்பெக்டரே நிறுத்திட்டாருன்னு சொல்லி நிம்மதியா ரூட்டை விட்டுடுவாரு. நான் கண்டிப்பான அதிகாரின்னு பேரு வாங்குவேன், டீச்சர் வேலையில்லாம நிப்பாங்க. சரி, விட்டுடலாமா? விட்டா அவங்க வயித்துல இருக்கிறதுக்கு யாரு ஜவாப்பு? மேலதிகாரிகிட்ட ஜாடையா கேட்டேன். அவரு ரொம்ப அனுபவசாலி. எழுத்துல வராத புகாருக்கு நம்ம ஆபீஸ்ல காது கிடையாதுய்யான்னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிட்டாரு.

ஒரு லீவு நாள்ல காக்கியைக் கழட்டி வச்சுட்டு, வேட்டி துண்டோட நானே அந்த பஸ்ல டிக்கெட் எடுத்தேன். வீட்டுக்காரி எங்கன்னு கேட்டா, மலைக்குக் காத்து வாங்கன்னேன். பின் சீட்டுல போய் உக்காந்தேன். தம்பிகளா, வருஷக்கணக்கா பஸ்ஸுங்களுக்குத் தகுதி குடுத்துக்கிட்டு இருக்கிறவன் நான். கீழ படுத்துப் பார்த்திருக்கேன், முன்னாடி உக்காந்து பிரேக்கை மிதிச்சுப் பார்த்திருக்கேன். பின் சீட்டுல உக்காந்தது அன்னிக்குத்தான்.

சமவெளி வரைக்கும் பரவாயில்ல, சத்தம் மட்டும்தான். பக்கத்துல இருந்தவரு ஏதோ கேட்டாரு, நான் வேற ஏதோ பதில் சொன்னேன், ரெண்டு பேரும் திருப்தியா தலையாட்டிக்கிட்டோம். மலை ஏற ஆரம்பிச்சதும்தான் விஷயம் தெரிஞ்சுது. வளைவுல தரை தட்டக்கூடாதுன்னு குழாயைக் கடைசி சீட்டுக்கு நேர் கீழயே வெட்டி விட்டிருந்தாங்க. டிரைவர் கியரை மாத்தி மிதிக்க மிதிக்க, புகை கறுப்பா, சூடா, பலகை சந்து வழியா என் வேட்டிக்குள்ளயே புகுந்து வருது. சுத்தி இருந்த சனம் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்குல வச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒரு அம்மா பாதிப் பழம் குடுத்தாங்க. ரெண்டாவது வளைவுல நான் துண்டுல வாந்தி எடுத்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்துட்டு டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே முன்னாடி போயிட்டாரு.

ஸ்டெல்லா டீச்சரும் அந்த பஸ்லதான் வந்திருந்தாங்க. லீவு நாளானாலும் பிள்ளைங்களுக்குப் பரீட்சைக்கு சொல்லிக் குடுக்கப் போறாங்க. டிரைவர் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. முன் சீட்டெல்லாம் கிழங்கு வியாபாரிங்களுக்கும் டிரைவரோட சிநேகிதங்களுக்கும். மாசமா இருக்கிற பொண்ணு, பின்னாடி உக்கார்றதுக்கு முன்னாடி நிக்கிறதே மேலுன்னு நின்னுக்கிட்டு மலை ஏறுது. மேல இறங்கினதும் என்னைப் பார்த்தாங்க. துண்டும் கையுமா, முகம் வெளுத்து நின்னேன். ஸ்கூல் பானையிலேருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு வந்து குடுத்துட்டுப் போனாங்க.

அடுத்த மாசம் ராமலிங்கத்தோட மலை பஸ்ஸுக்கு எஃப்.சி. முறை வந்துச்சு. எனக்கு இருந்தது அந்த ஒரு காலைப் பொழுதுதான். பெயிலாக்குனா பஸ் நின்னுடும். பாஸாக்குனா உற்சவர் கொட்டகைக்குத் திரும்பிப் போயிடுவாரு, சாயங்காலமே பழைய குழாய். பொட்டல்ல வரிசையா மத்த முதலாளிங்களும் அவங்கவங்க பஸ்ஸோட நின்னாங்க. எல்லாருக்கும் அன்னிக்கு உற்சவர் தேவை. ராமலிங்கம் பெரிய புள்ளிங்கிறதால முதல் மரியாதை அவருக்கு.

கீழ குனிஞ்சு பார்த்தேன். நசுங்கலோட அம்சமா தொங்குது. கைக்குட்டையை விரிச்சேன், லேசா சாம்பல் நிறம்தான். புகை தெரியக்கூடாதுன்னு டீசல் பம்பையும் அன்னிக்கு மட்டும் குறைச்சு வச்சிருந்தாங்க. எழுந்து, அங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, இவ்வளவு அருமையான சைலன்சரை நான் பார்த்ததே இல்லைன்னேன். ராமலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்லு.

"சொந்தமா செஞ்சதுங்களா?"

"நம்ம வண்டிக்குன்னே ஸ்பெஷலா செஞ்சது சார்."

"வேற யாருக்கும் இதுல பாத்தியதை இல்லையே?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க, என் வண்டிச் சைலன்சர்ல யாருக்குப் பாத்தியதை?"

ரொம்ப நல்லதுன்னு சொல்லிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பி ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டேன். எஃப்.சி. நாள்ல கழட்டி மாட்ட அவரு கேஸ் வெல்டிங் சாமானோட கொட்டகையிலதான் இருப்பாரு. டீ கிளாஸோட வந்து நின்னாரு. இவ்வளவு நல்ல சைலன்சர் மலை ரோட்டுல ஆடி விழுந்துடப் போகுது, சேஸிஸோட சேர்த்து வெல்டு வச்சுடுங்க, குழாயோட வாலை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பின் பம்பருக்கு வெளிய விடுங்கன்னேன். அவரு என்னைப் பார்த்தாரு, ராமலிங்கத்தைப் பார்த்தாரு, கிளாஸைக் கீழ வச்சாரு. ராமலிங்கம், அதெல்லாம் எதுக்கு சார், போல்ட்டே கெட்டியா இருக்குன்னு இழுத்தாரு. சொந்தச் சைலன்சர்தானே, நிரந்தரமா இருந்தா உங்களுக்கென்ன கஷ்டம்னு கேட்டேன். அவரு ஒதுங்கி வழி விட்டாரு. இது இரவல்னு சொன்னா வரிசையில நிக்கிற எல்லா பஸ்ஸும் மாட்டும்.

வெல்டு பொறி பறக்க ஆரம்பிச்சதும் அடுத்த பஸ் முதலாளி பதறிக்கிட்டு ஓடி வந்தாரு. சார், கொஞ்சம் பொறுங்கன்னாரு. ஏங்க, இந்த பஸ்ஸுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னேன். ஒண்ணுமில்ல சார், நெருப்பு விஷயம், பார்த்துன்னு சொல்லத்தான் வந்தேன்னுட்டுத் திரும்பிப் போனாரு. வெல்டு ஆறினதும், ஆரோக்கியசாமிகிட்ட இருந்த இரும்புல எழுத்துப் பதிக்கிற நம்பர் பஞ்ச்சை வாங்கி, பஸ்ஸோட நம்பரைச் சைலன்சர் வயித்துலயே ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். திரும்பக் கூட்டிடாம இருக்க டீசல் பம்புக்கும் ஈய சீல் வச்சேன். இந்த நம்பரோட இந்தச் சைலன்சர் இருக்கிற வரைக்கும்தான் எஃப்.சி. செல்லும்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். உற்சவருக்கு அன்னிக்குத் திருக்கல்யாணம் முடிஞ்சுது, இனி வீதி உலா கிடையாது.

தலையை நிமிர்த்திப் பார்த்தா வரிசையையே காணோம். ஒருத்தருக்குப் பேட்டரி டவுனாம், ஒருத்தருக்கு மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசமாம், ஒருத்தரு ஒண்ணுமே சொல்லாம ரிவர்ஸ்லயே போயிட்டாரு. அந்த வாரம் முழுக்க பாலக்கரையில ஆரோக்கியசாமி ராத்திரி பகலா வேலை பார்த்ததா கேள்வி. உருவிப் போட்ட தகட்டையெல்லாம் ஒவ்வொரு பஸ்ஸுலயும் அவரே திரும்ப வச்சுக் குடுத்தாரு. ரெண்டு தடவையும் லாபம் அவருக்குத்தான், அந்த ஆளை நான் இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். முதலாளிங்களுக்கெல்லாம் கோபம் என் மேல இல்ல, ராமலிங்கம் மேல. ஊர் பொதுச் சொத்தைச் சொந்தம்னு சொல்லி வளைச்சுப் போட்டுட்டானேன்னு திட்டினாங்க. என் மேல புகார் எழுதணும்னா இன்ஸ்பெக்டர் எங்க பஸ்ல நல்ல சைலன்சரை வச்சுட்டாருன்னுதானே எழுதணும்?

ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். அங்கதான் நம்ம உத்தியோகத்துல எல்லாரும் குப்புற விழுறது.

ரெண்டு வாரம் கழிச்சு மேலதிகாரி என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. உள்ள போனா ராமலிங்கம் சேர்ல உக்காந்திருக்காரு, வேட்டி மடிப்புக் கலையாம. சுவரோரமா பச்சைமலை சனம் பத்துப் பேரு நிக்கிறாங்க. அவரோட பஸ்லயே ஏத்திக்கிட்டு வந்திருக்காரு. நான் பேச மாட்டேன் சார், ஜனங்களே பேசட்டும்னாரு.

ஜனங்க பேசினாங்க. மலையில யாருகிட்டயும் கடிகாரம் கிடையாது. பஸ் கீழ் வளைவுல ஏறும்போதே அந்தச் சத்தம் மலை பூரா கேக்கும். அதுக்கப்புறம் காட்டுலேருந்து புறப்பட்டு ரோட்டுக்கு நடந்து வந்தா சரியா இருக்கும். ஸ்கூல்ல சாயங்கால மணி அடிக்கிறதே பஸ் சத்தத்தைக் கேட்டுத்தான். இப்ப பஸ் வர்றதும் தெரியல, போறதும் தெரியல. கிழங்கு மூட்டை ரோட்டுலயே கிடந்து காயுது, காய்ச்சல்காரர் ஒருத்தரு பஸ்ஸை விட்டுட்டு ராத்திரி பூரா அனத்திக்கிட்டு இருந்தாரு. பழைய சத்தமே வேணும்னாங்க. எல்லாம் நிஜம். ஒரு வார்த்தை பொய் இல்ல.

ராமலிங்கம் கையை விரிச்சு, ஜனங்க விரும்புறாங்க சார், நான் என்ன பண்ணட்டும்னாரு. மேலதிகாரி என்னைப் பார்த்து, பொதுமக்களே கேக்கும்போது நாம ஏன்யா குறுக்க நிக்கணும், வெல்டை அறுத்துக்கட்டும்னு சொல்லிடலாமான்னாரு. டீச்சர் பேரைச் சொல்லக்கூடாது, அவங்க புகாரே எழுதிக் குடுக்கல. பேரைச் சொல்லாம என்னத்தைச் சொல்றது? ஒத்துக்கிட்டா அந்தக் குழந்தை போச்சு. முடியாதுன்னா, நானே போய்ப் பார்த்த சனத்துக்கு எதிரா நான் நிக்கிறேன்.

அந்த நேரத்துல கதவுகிட்ட ஸ்டெல்லா டீச்சர் வந்து நின்னாங்க. வயிறு தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. அவங்களும் முந்தாநாள் பஸ்ஸை விட்டுட்டு மலையிலயே ஒரு வீட்ல தங்கினாங்களாம். மலைக்காரங்க திருச்சிக்குப் போறாங்கன்னு தெரிஞ்சதும் பின்னாடியே வந்திருக்காங்க. சரி, இவங்களும் சத்தம் வேணும்னு கேக்கத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன். அவங்க என்னையும் பார்க்கல, மேலதிகாரியையும் பார்க்கல. சுவரோரம் நின்ன பெரியவர் ஒருத்தர்கிட்ட நேரா போய்க் கேட்டாங்க. "சத்தம் வேணும்னு கேக்குறீங்க, சரி. புகையும் வேணுமா தாத்தா?"

பெரியவருக்குப் புரியல. எந்தப் புகைன்னு கேட்டாரு. பின் சீட்டுல வருமே, தலை சுத்துமே, எல்லாரும் வாந்தி எடுப்போமே, அந்தப் புகைதான், அந்தச் சத்தமும் இந்தப் புகையும் ஒரே குழாயில வந்ததுதான்னு டீச்சர் சொன்னாங்க.

பெரியவரு துண்டைத் தோள்லேருந்து எடுத்துக் கையில வச்சுக்கிட்டாரு. ராமலிங்கம் பக்கம் திரும்பினாரு.

"வாந்தி அதனாலயாங்க? மலைக்காரங்க ஒடம்புக்கு பஸ் ஒத்துக்காதுன்னு கண்டக்டர் சொன்னாருங்க. நாங்களும் அப்படித்தான்னு இருந்துட்டோம். இந்த ரெண்டு வாரமா என் சம்சாரம் பஸ்ல வாந்தி எடுக்கல. ஒடம்பு தேறிடுச்சுன்னு சாமிக்குப் பொங்கல் வச்சோமுங்க."

எதுக்கும் ஒரு நக்கல் சொல்ற நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மேலதிகாரிதான் மெதுவா, அப்ப சத்தத்துக்கு என்ன பண்றதுன்னு பெரியவர்கிட்டயே கேட்டாரு. பெரியவரு மத்தவங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரு. "சத்தம் வேணாமுங்க. நாங்க முன்னாடியே வந்து ரோட்டுல உக்காந்துக்கிறோம்"னாரு.

கீழ் வளைவுலேருந்து டிரைவர் விடாம ஹாரன் அடிச்சுக்கிட்டு ஏறணும்னு மேலதிகாரி உத்தரவு போட்டாரு. வெல்டு அறுபடல. ராமலிங்கம் ரூட்டை விடவும் இல்ல, அத்தனை பேரு முன்னாடி ஜனங்க விருப்பம்னு பேசிட்டு எப்படி விடுறது? ஸ்டெல்லா டீச்சர் பிரசவ லீவு வரைக்கும் அந்த பஸ்லதான் போய் வந்தாங்க, உக்காந்துக்கிட்டு. பொண்ணு பொறந்துச்சு.

அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் மேலதிகாரி அந்த ரூட்டோட பைலை எடுத்து வரச் சொன்னாரு. புரட்டிப் பார்த்தோம். அந்த பஸ் மலை ஏற ஆரம்பிச்ச நாள்லேருந்து அங்கேருந்து ஒரு புகார்கூட வந்ததில்ல. அதை நாங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் அந்த ரூட்டுக்கு நல்ல பேருன்னு நெனச்சுட்டு இருந்தோம்.